ரெண்டாம் ரிச்சர்டுக்கு 29, இசபெல்லாவுக்கு 6: தப்பா டைப் ஆகல

பழைய ராஜா-ராணி ஜோடிங்களோட வயசு சார்ட்டைப் பார்த்துட்டு, இங்கிலாந்து ராஜா ரெண்டாம் ரிச்சர்ட் ஜோடியோட வயசு தப்பான்னு கேட்டிருந்தீங்க. சார்ட்ல தப்பு இல்லீங்க, நீங்க பார்த்த வயசு சரிதான். 1396-ல பிரான்ஸ் கரையோர ஊரான கலேல கல்யாணம் நடந்தப்ப ரிச்சர்டுக்கு 29, பிரெஞ்சு ராஜா பொண்ணு இசபெல்லாவுக்கு ஏழு முடியவே இன்னும் சில நாள் பாக்கி.

காரணம் அரசியல்தான், இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடந்த நூறாண்டுப் போர் நடுவுல 28 வருஷ சண்டை நிறுத்தம் பேசினாங்க, அதுக்கு முத்திரை இந்தக் குழந்தை, பாவம், 1399-ல ரிச்சர்ட் பதவி போய் அடுத்த வருஷமே செத்துட்டாரு, பத்து வயசுல விதவை.

மத்த ஜோடிங்கள்ல சந்தேகம் வந்தா அந்தத் தேதி நிச்சயதார்த்தமா கல்யாணமான்னு பாருங்க. அப்போ சர்ச் சட்டத்துல குறைஞ்சபட்ச வயசு நிச்சயத்துக்கு 7, கல்யாணத்துக்கு பொண்ணுக்கு 12, பையனுக்கு 14; இசபெல்லாவுக்கு அந்த வயசுக்கு முன்னாடியே நடந்துடுச்சு.

ஆனா ஆம்பளதான் மூத்தவர்னு நினைச்சு எதையும் மாத்திடாதீங்க, 1152-ல, பின்னாடி இங்கிலாந்து ராஜாவான ரெண்டாம் ஹென்றியைக் கட்டின அக்விடேன் (பிரான்ஸ்ல ஒரு பகுதி) எலினார் அவரைவிட கிட்டத்தட்ட பத்து வயசு பெரியவங்க.