பால் பல்லில் மஞ்சள் திட்டு: ஆபரேஷனா காரணம்?

கேள்வி: என் மகனுக்கு 3 வயது. இடப்பக்கம் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் இருந்தன. உதட்டுக்கு 5-வது மாதத்திலும் அண்ணத்துக்கு ஒரு வயதிலும் ஆபரேஷன் ஆனது. பிளவை ஒட்டிய மேல் முன்பல் முளைக்கும்போதே மஞ்சள் திட்டும் ஒரு குழியுமாக வந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்ததால்தான் இப்படி என்று இணையத்தில் படித்தேன். கால்சியம் சிரப் கொடுத்து வருகிறேன். பக்கத்துப் பல் சிறியதாக, கோணலாக இருக்கிறது. திட்டு உள்ள பல்லைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: ஆபரேஷன் காரணமில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பால் முன்பல்லின் எனாமல் கருவின் 4-வது மாதவாக்கில் உருவாகத் தொடங்கி, பிறந்த இரண்டு, மூன்று மாதங்களுக்குள் முடிந்துவிடும். உங்கள் மகனுக்குக் கத்தி பட்டது 5-வது மாதத்தில். அதற்கு முன்பே இந்தக் குழி விழுந்துவிட்டது. பிளவை ஒட்டிய பற்களில் எனாமல் மெலிந்தோ குழி விழுந்தோ வருவதை இந்தக் குழந்தைகளிடம் அடிக்கடி பார்க்கிறோம். பக்கத்துப் பல் சிறுத்திருப்பதும் அந்த வகைதான். சிலருக்கு அந்தப் பல்லே இருக்காது, சிலருக்கு ஒன்று கூடுதலாக இருக்கும். கோணலைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

நிரந்தர முன்பல் வேறு. அதன் எனாமல் பிறந்த 3, 4 மாதங்களில்தான் கெட்டிப்படத் தொடங்கும்; உதட்டு ஆபரேஷன் நடந்ததும் அந்தச் சமயத்தில்தான். ஆகவே 7 வயதுவாக்கில் முளைக்கும் அந்தப் பல்லிலும் திட்டு இருக்கலாம். இருந்தால் பல் நிறப் பூச்சால் மூடிவிடலாம். அதற்காக உதட்டைத் தைக்காமல் தள்ளிப்போட்டிருக்க வேண்டும் என்று யாராவது எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

கால்சியம் சிரப்பை நிறுத்துங்கள். எனாமலைக் கட்டும் செல்கள் பல் முளைப்பதற்குள் அழிந்துவிடுகின்றன; நீங்கள் கொடுப்பதை வாங்கிப் பூச அங்கே யாரும் இல்லை. திட்டைப் போக்குகிறேன் என்று கரித்தூள், எலுமிச்சை, சோடா உப்பு என்று தேய்த்தால் இருக்கிற மெல்லிய எனாமலும் போய்விடும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தத் திட்டு மாறுகிறதா என்பதை. மாதம் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கி, பல்லைச் சுத்தமான துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். பிறவித் திட்டு முளைத்த நாளில் இருந்த அளவிலேயே இருக்கும். ஈறை ஒட்டி, பளபளப்பில்லாமல், சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாக ஒன்று புதிதாகத் தெரிந்தால் அது சொத்தையின் ஆரம்பம். இந்தக் கட்டத்தில் ஃப்ளோரைடால் நிறுத்திவிட முடியும். கோடு பழுப்பாகி, குழியின் ஓரம் உதிர ஆரம்பித்துவிட்டால் அடைக்கத்தான் வேண்டும். மெலிந்த எனாமலில் இது வேகமாக நடக்கும். அந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஈறில் கொப்புளமோ, முகவீக்கத்தோடு காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

சொத்தை அங்கேயே வருவதற்குக் காரணம் உண்டு. தையல் தழும்பால் மேலுதடு இறுகியிருக்கும். பிரஷ் உள்ளே போகாது. குழந்தையை மடியில் சாய்த்து, ஆள்காட்டி விரலால் உதட்டை மெல்லத் தூக்கிப் பிடித்து, தலை சிறிய பிரஷால் ஈறோரம் தேயுங்கள். பிளவுப் பக்கம் திரும்பியிருக்கும் பல்லின் ஓரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குறைந்தது 1000 பிபிஎம் ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், பட்டாணி அளவு, காலையிலும் படுக்குமுன்னும். துப்பச் சொல்லுங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். பால் புட்டியோடு தூங்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை ஃப்ளோரைடு வார்னிஷ் பூசச் சொல்லி, குழியையும் அப்போதே அடைக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

பிடுங்குவது மட்டும் வேண்டாம். பிளவின் ஓரத்தில் பல்லைத் தாங்கும் எலும்பு மெல்லியது. பல் போனால் அதுவும் கரையும். 8 முதல் 11 வயதுக்குள், கோரைப்பல் இறங்குவதற்கு முன்பு, அந்த இடைவெளியில் எலும்பு வைத்து நிரப்புவார்கள். அதற்கு இந்த எலும்பும் வேண்டும், சொத்தையில்லாத வாயும் வேண்டும். சீழ் பிடித்து எடுத்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னாலும், பிளவு சிகிச்சை பார்க்கும் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே சம்மதியுங்கள்.