ஒரே வீடு, ஒருவனுக்கு மட்டும் சொத்தை

கேள்வி: மூத்தவளுக்குச் சொத்தையே இல்லை. 7 வயது இளையவனுக்கு ஆறு மாதத்தில் மூன்று. ஒரே பேஸ்ட். வெள்ளைச் சர்க்கரை வாங்குவதே இல்லை, கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைதான். ஏனுங்க இப்படி?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தானுங்க (வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதும் அதே இனிப்புப் பொருள்தான்), பல்லில் ஒட்டிய கிருமிக்கு இரண்டும் ஒன்று. எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்று எண்ணுங்கள். இனிப்பு பட்டதும் கிருமி அமிலம் சுரக்கும். வாயின் பி.எச். (குறையக் குறைய அமிலம் அதிகம் என்று காட்டும் அளவு) 5.5-க்குக் கீழே இறங்கி எனாமல் (பல்லின் மேற்பூச்சு) கரையும். எச்சில் அதைச் சரிசெய்ய அரைமணி நேரமாவது வேண்டும். நாலு மணிக்கு வர்க்கி, அப்புறம் மிட்டாய், படுக்கும்முன் சர்க்கரைப் பால் என்றால் அந்த இடைவெளியே கிடைக்காது.

ஆறு மாதத்தில் மூன்று என்பது அதிக ஆபத்துதான். எனாமலை உறுதியாக்கும் தாதுவான ஃபுளோரைடு 1000 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) குறையாத பேஸ்ட்டை (டியூபில் அச்சிட்டிருப்பார்கள், மூலிகை பேஸ்ட் பலவற்றில் ஃபுளோரைடே இராது) பட்டாணி அளவு எடுத்து, காலையும் இரவும் நீங்களே தேய்த்துவிடுங்கள். துப்பினால் போதும். தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். பல வீடுகளில் தவறுவது இங்கேதான்.

பல் மருத்துவரிடம் 3 மாதத்துக்கு ஒருமுறை ஃபுளோரைடு வார்னிஷ் (பல்லில் ஒட்டி நிற்கும் மேல்பூச்சு) பூசச் சொல்லுங்கள். 6 வயதில் முளைத்த கடைவாய்ப் பல்லின் பள்ளங்களுக்கு சீலன்ட் (பள்ளத்தை மூடும் மெல்லிய பூச்சு). சொத்தையை வெண்புள்ளியாக இருக்கும்போதே பிடித்தால் துளையிடாமல் மீட்கலாம். குழி விழுந்ததை அடைத்தே ஆகணும். மூத்தவளுக்கு வருடம் ஒரு பரிசோதனை போதும்.

ஃபுளோரைடு அளவுக்கு மீறினாலும் கெடுதல். அதனால் போர்வெல் தண்ணீர் குடிப்பவர்கள் முதலில் அதைச் சோதியுங்கள்: ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் என்றால் மருத்துவரிடம் சொல்லணும்.