ட்ரம்பெட் கிணற்றுக்குள் போய்விட்டதா?

கேள்வி: அல்சூரில் இருக்கிறேன். போன மாதம் சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பழைய ரெக்கார்டு கடையில், மைல்ஸ் டேவிஸ் ஒரு பிரெஞ்சுப் படத்துக்கு வாசித்த இசைத்தட்டை வாங்கினேன். வீட்டில் போட்டால் ட்ரம்பெட் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. அதே ஆல்பத்தை ஃபோனில் போட்டால் ஆள் முகத்துக்கு நேரே நின்று வாசிக்கிறார். போதாததற்கு, இரண்டு பக்கமும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஓடவில்லை. ஃபோனில் 26 டிராக் இருக்கிறது. தட்டு மோசமா, என் டர்ன்டேபிள் மோசமா? கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: திருப்பிக் கொடுக்காதீர்கள். கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. அந்தக் கிணறு, தட்டை வெளியிட்டவர்களே தோண்டி வைத்தது.

நம் ஊரில் ரீ-ரெக்கார்டிங் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரீலை ஓடவிட்டுப் பார்ப்பார்கள், நோட்ஸ் எழுதுவார்கள், அப்புறம் வாசிப்பார்கள். லூயி மால் எடுத்த ‘அசான்சர் பூர் லெஷஃபோ’ (தூக்குமேடைக்கு ஒரு லிஃப்ட் என்று சொல்லலாம்) படத்துக்கு, நடுவில் வரும் அந்த நோட்ஸ் எழுதும் வேலையே ஏறக்குறைய இல்லை. 1957 டிசம்பர் 4 இரவு, பாரிஸில் லெ போஸ்ட் பாரிசியன் ஸ்டுடியோவில் மைல்ஸ் டேவிஸோடு நான்கு பேர் கூடினார்கள்: டெனர் சாக்ஸபோனில் இருபதே வயதான பார்னி விலென், பியானோவில் ரெனே உர்த்ரெஜே, பாஸில் பியர் மிஷலோ, டிரம்ஸில் கென்னி கிளார்க். கையில் சில ஸ்வரக்கட்டுக் குறிப்புகள் மட்டும். திரையில் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்ட, அதைப் பார்த்துக்கொண்டே மனோதர்மமாக வாசித்தார்கள். ஒரே இரவில் முடிந்தது.

அப்படி வாசித்தால் ஒரே காட்சிக்குப் பல டேக் சேரும், இல்லையா? படத்தின் நாயகி ழான் மோரோ காதலனைத் தேடி ராத்திரியில் பாரிஸ் தெருக்களில் நடப்பாரே, அதற்கு மட்டும் நான்கு டேக். 1958இல் இவற்றிலிருந்து பத்துத் துண்டுகளை எடுத்து, எக்கோ சேர்த்து, பத்து அங்குலத் தட்டாகப் போட்டார்கள். மொத்தமே ஏறத்தாழ 26 நிமிடம்தான். ஆகவே உங்கள் தட்டில் எதுவும் குறையவில்லை. 1988இல் சிடி வந்தபோது எக்கோ சேர்க்காத மூல டேக்குகள் பதினாறை முன்னால் வைத்து, பழைய பத்தைப் பின்னால் சேர்த்தார்கள். ஃபோனில் நீங்கள் பார்க்கும் 26 இந்தக் கணக்கு.

இப்போது ஒரு சோதனை. ஃபோனில் 17ஆவது டிராக்கைப் போடுங்கள். ‘ழெனெரிக்’ என்று பெயர் இருக்கும். ட்ரம்பெட் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தும் இடத்தைக் கவனியுங்கள். வாசிப்பு நின்ற பிறகும் ஒலி ஒரு கணம் தொங்கிக்கொண்டு நின்று மெல்லக் கரையும். கல் பிராகாரத்தில் நாகசுரம் கேட்டவர்களுக்கு அந்த வால் தெரியும். உங்கள் தட்டிலும் அதே வால் இருந்தால் விஷயம் முடிந்தது. அந்தக் காலத்தில் இந்த எக்கோவை ஏற்ற பொதுவாக இருந்த வழி, ஒரு காலி அறையில் ஸ்பீக்கரை வைத்து ஒலியை விட்டு, எதிர்ப்பக்கம் மைக் வைத்துப் பிடிப்பது. இல்லாவிட்டால் தொங்கவிட்ட பெரிய எஃகுத் தகட்டில் ஒலியைப் பாய்ச்சுவது.

ஃபோனில் கேட்ட அந்த 17ஆவது டிராக்கைவிடவும் தட்டு மோசமாக, உள்ளே ஓட்டை விழுந்த மாதிரி கேட்டால் மட்டும் மெஷினைச் சந்தேகப்படுங்கள். இது மோனோ பதிவு, அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நீங்கள் உட்கார்ந்தால், ட்ரம்பெட் சரியாக உங்கள் மூக்குக்கு எதிரே நிற்க வேண்டும். எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாமல் பாஸும் மெலிந்திருந்தால், ஏதோ ஒரு பக்கம் வயர் தலைகீழாக இருக்கிறது. முதலில் ஸ்பீக்கருக்குப் பின்னால் சிவப்பு, கறுப்பைப் பாருங்கள். வீடு மாறியபோது நானே இப்படி மாற்றிச் செருகிவிட்டு, இரண்டு வாரம் புது ஹாலின் சுவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆம்பில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்துங்கள். ஒலி ஏறக்குறைய காணாமல் போனால் தப்பு கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருத்தியிருக்கும் பாகம்) பின்னால் உள்ள நான்கு மெல்லிய வயர்களில் இருக்கிறது; அதை ஆள் வைத்துப் பாருங்கள், அவை சட்டென்று அறுந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் அந்தப் பட்டனை அப்படியே விட்டுவிடலாம். பழைய மோனோ தட்டில் கரகரப்பு கொஞ்சம் குறையும்.

எது உசத்தி என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எக்கோ இல்லாத டேக்குகளில் மிஷலோவின் விரல் கம்பியை இழுப்பதும், ட்ரம்பெட்டில் காற்று நுழைவதும்கூடக் கேட்கும். வாசிப்பைப் படிக்க நினைப்பவருக்கு அதுதான். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க நான் எடுப்பது அந்தப் பத்துத் துண்டுகளைத்தான். கிணறு இருந்தால் இருக்கட்டும்.

இன்னொன்று: அதே கடையில் ‘ஜாஸ் டிராக்’ என்ற அமெரிக்கத் தட்டு கண்ணில் பட்டால் தெரிந்து வாங்குங்கள். 1959இல் வந்தது. முதல் பக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இதே பட இசை. இரண்டாம் பக்கம் 1958இல் ஜான் கோல்ட்ரேன், பில் எவன்ஸ் எல்லாம் இருந்த மைல்ஸுடைய ஆறு பேர் குழு வாசித்தது, படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த இரண்டாம் பக்கத்துக்காகவே வாங்கலாம்.