யூசர்ஐடி ஏன் மூன்று துண்டானது?

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டிலிருந்து கேமல் கேஸில் (சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து, இரண்டாம் சொல் முதல் ஒவ்வொன்றின் முதல் ஆங்கில எழுத்தையும் பெரிதாக்கும் முறை) வரும் பெயர்களைத் தரவுத்தளத்துக்காக ஸ்நேக் கேஸாக (சிறிய எழுத்துச் சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர் என்னும் அடிக்கோடு இடும் முறை) மாற்றுகிறேன். பெரிய எழுத்து வரும் இடமெல்லாம் அதன் முன்னே ஓர் அண்டர்ஸ்கோர் இட்டு, பிறகு எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்குகிறேன். ‘யூசர்நேம்’ சரியாக ‘யூசர்_நேம்’ ஆகிறது. ஐ, டி இரண்டும் பெரிய எழுத்தாக உள்ள ‘யூசர்ஐடி’ மட்டும் ‘யூசர்_ஐ_டி’ என்று சிதறுகிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் எழுத்தைப் பார்க்கிறீர்கள், பார்க்க வேண்டியது சொல்லின் எல்லையை. முதலில் பெயரைச் சொற்களின் பட்டியலாகப் பிரித்துவிட்டால், அதன்பின் ஸ்நேக், கேபாப் (சொற்களுக்கு நடுவே சிறுகோடு), பாஸ்கல் (முதல் சொல் உட்பட எல்லாச் சொல்லின் முதல் எழுத்தும் பெரிது) என எந்த வடிவில் கோப்பதும் எளிது.

பிரிப்பதற்கு இரண்டு விதிகள் வேண்டும். சிறிய எழுத்தையோ எண்ணையோ அடுத்துப் பெரிய எழுத்து வந்தால் அங்கே வெட்ட வேண்டும். பெரிய எழுத்துகள் தொடர்ந்து வந்து, அவற்றில் கடைசி எழுத்தை அடுத்துச் சிறிய எழுத்து வந்தால், அந்தக் கடைசிப் பெரிய எழுத்துக்கு முன்னே வெட்ட வேண்டும். ‘எச்டிடிபிசர்வர்’ என்ற பெயரில் எச்டிடிபி முழுவதும் பெரிய எழுத்து, சர்வரின் எஸ்ஸும் பெரிய எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் விதி எஸ்ஸுக்கு முன் வெட்டி ‘எச்டிடிபி_சர்வர்’ என்று சரியாகத் தரும். உங்கள் ‘யூசர்ஐடி’யும் இரண்டு சொல்லாகவே நிற்கும். ஆனால் ஐ, டி இரண்டும் பெரிதாக இருந்து, பன்மைக்குரிய சிறிய எஸ் சேர்ந்த ‘யூசர்ஐடிஸ்’ வந்தால், அதே விதி ஐக்கும் டிக்கும் நடுவே வெட்டிவிடும். இத்தகைய சொற்களுக்குத் தனி விலக்குப் பட்டியல் வைத்துக்கொள்வதே என் அனுபவத்தில் உருப்படியான வழி.

திரும்பக் கேமல் கேஸுக்கு மாற்றும்போது இழப்பு உண்டு என்பதை மறவாதீர்கள். உலாவியில் உள்ள ‘எக்ஸ்எம்எல்எச்டிடிபிரெக்வெஸ்ட்’ என்ற பெயரிலேயே எக்ஸ்எம்எல் முழுவதும் பெரிய எழுத்து, எச்டிடிபியிலோ முதல் எழுத்து மட்டும் பெரியது. அதை ஸ்நேக் கேஸாக்கி மீண்டும் பாஸ்கல் கேஸாக்கினால் எக்ஸ்எம்எல்லின் கடைசி இரண்டு எழுத்துகளும் சிறிதாகி, உலாவிக்குத் தெரியாத பெயராகிவிடும். ஆகவே மூலப் பெயரையும் மாற்றிய பெயரையும் ஓர் இணைப்பட்டியலில் சேமியுங்கள். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தில் மேற்கோள் குறி இல்லாத பெயர்கள் தாமாகவே சிறிய எழுத்தாகிவிடுவதால், கேமல் கேஸின் எல்லை அங்கே தடமின்றி அழிந்துபோகும். நீங்கள் ஸ்நேக் கேஸைத் தேர்ந்தது நல்ல முடிவு.

கேள்வி: நிரலில் மதிப்புகளைச் சேமிக்கும் மாறிகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயரிட்டால் இந்த மாற்றங்கள் பொருந்துமா?

பதில்: பைத்தான் 3 அதை ஏற்கும். தமிழில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு இல்லாததால் கேமல் கேஸுக்கு இடமே இல்லை. ‘மொத்த_தொகை’ என்று அண்டர்ஸ்கோர் இட்டால் மட்டுமே சொல்லெல்லை தெரியும். இன்னொன்று: ‘மொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுத முடியும். பைத்தான் இரண்டையும் ஒரே பெயராகக் கொள்ளும். ஜாவாஸ்கிரிப்டில் அவை வெவ்வேறு மாறிகள். எனவே பிரிப்பதற்கு முன்பே யூனிகோடு இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குதல்) செய்துவிடுங்கள்.