நர்சரி அரக்காரியாவும் அதன் அழியும் உறவும்: வாசகர் கேள்விகள்

கிறிஸ்துமஸுக்கு வாங்கிய அரக்காரியா அழிந்துவரும் மரம் என்கிறாள் மகள். வாங்கியது தவறா?

தவறில்லை. நம் ஊர் நர்சரிகளில் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று விற்பவை பெரும்பாலும் அரக்காரியா காலம்னாரிஸ் அல்லது ஹெட்டரோபில்லா. தோட்டத்துக்காகவே வளர்த்து விற்கப்படுபவை. மகள் படித்தது அவற்றின் உறவான அரக்காரியா நெமொரோசாவைப் பற்றி இருக்கலாம். அது மிக அருகிய இனம். பசிபிக் பெருங்கடலில் உள்ள தீவுக்கூட்டமான நியூ கலிடோனியாவின் பெரிய தீவில், தென்கோடியில், போர் புவாசே பக்கம் சில சிறு காட்டுத் துண்டுகளில்தான் மிஞ்சியிருக்கிறது.

வீட்டுச் செடி ஒரு பக்கமாகச் சாய்கிறதே?

தொட்டிச் செடி என்றால் வெளிச்சத்தைத் தேடுகிறது. வாரம் ஒருமுறை திருப்பி வையுங்கள். காலம்னாரிஸ் மரங்களுக்கோ சாய்வதே இயல்பு. ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017இல் வெளியான ஆய்வின்படி, அவை பெரும்பாலும் நிலநடுக்கோட்டுப் பக்கமே சாய்கின்றன. நம் ஊரில் அது தெற்கு.

அந்தத் தீவில் மட்டும் ஏன் இத்தனை அரக்காரியா?

உலகில் சுமார் 20 இனங்கள். அவற்றில் 14 நியூ கலிடோனியாவுக்கே உரியவை. மண் ஒரு முக்கியக் காரணம். பெரிய தீவின் மூன்றில் ஒரு பங்கில் நிக்கலும் மெக்னீசியமும் மிகுதி, பாஸ்பரஸும் பொட்டாசியமும் சொற்பம். பல மரங்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. இவை மெதுவாக வளர்ந்து தாக்குப்பிடிக்கின்றன. வேதனை என்னவென்றால், அந்த நிக்கலுக்காகத்தான் அங்கே சுரங்கம் தோண்டுகிறார்கள். காட்டுத்தீ வேறு.

நாற்று வளர்த்து நட்டால் நெமொரோசா பிழைத்துவிடாதா?

நடத்தான் வேண்டும். ஆனால் விதை எங்கிருந்து வந்தது என்று முதலில் கேட்பேன். கைக்கு எட்டிய ஒன்றிரண்டு தாய்மரங்களிலிருந்தே விதை எடுத்தால், நாற்றுகள் எல்லாம் ஒரே குடும்பமாகிவிடும். அப்புறம் அவை தமக்குள்ளேயே கலந்து, தலைமுறைக்குத் தலைமுறை நலிவு கூடும். இது வெறும் பயமல்ல: நெமொரோசா நாற்றங்கால் செடிகளைச் சோதித்தபோது, காட்டு மரங்களைவிட அவற்றில் மரபு வேறுபாடு குறைவாகவே இருந்தது. அதனால் எஞ்சிய ஒவ்வொரு காட்டுத் துண்டிலும், பல மரங்களிலிருந்து விதை சேர்க்க வேண்டும். எந்த மரத்து விதை எந்த நாற்று என்று குறித்து வைக்கவும் வேண்டும். அந்தத் துண்டுகளைச் சுற்றி, தீ பரவாதபடி செடிகொடிகளை அகற்றிய வெற்று நிலப்பட்டை அமைப்பதை நாற்று நடும் வரை தள்ளிப்போடக் கூடாது. விதை தரும் மரமே எரிந்துவிட்டால் அதன் மரபை எந்த நாற்றங்காலாலும் மீட்க முடியாது.