பரிசல்காரனும் ரஜினியும்

கேள்வி: என் கதையின் நாயகன் ஒகேனக்கல் பரிசல்காரன். எழுதி முடித்துப் படித்தால் நடை, பேச்சு எல்லாமே ரஜினியாக இருக்கிறது. சினிமா சாயலை எப்படித் துடைப்பது? – வாசகர், பென்னாகரம்

பதில்: துடைக்க வேண்டாம் தம்பி. ரஜினியிடம் உங்களை இழுத்தது எது என்று மட்டும் கண்டுபிடியுங்கள். ஸ்டைலா, அடி வாங்கிக்கொண்டு பொறுத்திருக்கும் அந்த அமைதியா? அமைதிதான் என்றால் அதை வைத்துக்கொண்டு ஸ்டைலை விட்டுவிடலாம்.

எனக்குச் சிறுவயதில் இரும்புக்கை மாயாவிதான் எல்லாம். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான். கிருஷ்ணகிரியில் பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த பிரதியாகக் கிடைத்தார். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், கை மட்டும் மறையாது. அந்த மறையாத கைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பிறகு நான் எழுதிய மாங்காய் மண்டிக்காரர் எதை மறைத்தாலும், விலை பேசும்போது துண்டுக்கடியில் அவர் விரல் நடுங்கும். மாயாவி கொடுத்த விரல்தான் அது. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

உங்கள் ஆளைப் பரிசலில் உட்கார வையுங்கள். வட்டமான மூங்கில் கூடை, ஒற்றைத் துடுப்பு. எழுந்து நின்று வசனம் பேசினால் கவிழ்ந்துவிடும். ஆக, அவன் வீரத்தை உட்கார்ந்தபடியேதான் காட்டியாக வேண்டும். பாதி ரஜினி அங்கேயே கரைந்துவிடுவார்.

அப்புறம், சண்டையில் இறந்த வீரர்களுக்காக நட்ட நம் மாவட்டத்து நடுகற்களைப் போய்ப் பாருங்கள். கல்லில் செதுக்கிய வீரனின் உடம்பில் அம்பு தைத்திருக்கும், கையில் ஆயுதம் ஓங்கியபடியே இருக்கும். அந்தக் காலத்து ஊர்க்காரர்களுக்கு நாயகன் அவன்தான். அவனிடமும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்.