பொருளாதார மந்தமும் அரசியல் தீவிரவாதமும் ஜெர்மனியின் ஜனநாயகத்தை எப்படி வீழ்த்தின?

பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாக வரலாறு நடத்துகிறேன். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது எப்படி என்று கேட்டால், பிள்ளைகள் ஆண்டுதோறும் எழுதும் விடை ஒன்றுதான்: பணம் வெறும் காகிதமானது, மக்கள் கூடை கூடையாக நோட்டுகளைச் சுமந்தார்கள், அந்தக் கோபத்தில் ஹிட்லருக்கு ஓட்டுப் போட்டார்கள்.

அது 1923. அந்த ஆண்டு முடிவதற்குள் புது நாணயம் வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடன் வந்தது. நாடு மூச்சு விட்டது. 1928 தேர்தலில் நாஜிகளுக்குக் கிடைத்தது 2.6 சதவீத ஓட்டும் 12 இடங்களும்தான். பணவீக்கம் நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்பைத் தின்று ஆறாத வடுவை விட்டுச் சென்றது, உண்மை. ஆனால் குடியரசைச் சாய்த்தது அதற்கு நேர்மாறான நோய். விலை, கூலி, வேலை மூன்றும் ஒருசேரச் சரிந்த 1930–32 காலம் அது.

1932 தொடக்கத்தில் பதிவு செய்திருந்த வேலையற்றோர் மட்டும் 60 லட்சத்துக்கு மேல். அவர்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்று அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். ‘முத்திரை குத்தப் போகிறார்’ என்றாலே அவருக்கு வேலையில்லை என்று பொருளாகிவிட்டது. காப்பீட்டுத் தொகைக்குக் காலக்கெடு உண்டு. அது தீர்ந்தால் நகராட்சியின் நலநிதிதான் கதி. வீட்டில் வேறு யாருக்கு வருமானம் உண்டு என்று துருவித் துருவி விசாரித்த பிறகே அந்தச் சொற்பத் தொகையும் கைக்கு வரும்.

ஆனால் இந்த வரிசையில் நின்றவர்கள் நாஜிகளைவிடக் கம்யூனிஸ்டுகள் பக்கமே அதிகம் சாய்ந்தார்கள். நாஜிகளுக்குக் குவிந்தவை பெரும்பாலும் புராட்டஸ்டண்ட் ஊர்களின் சிறு விவசாயிகள், கடைக்காரர்கள், கைவினைஞர்கள், ஓய்வூதியர்கள் ஆகியோரின் ஓட்டுகள். நாளை நமக்கும் இந்த நிலைதானோ என்று அஞ்சியவர்கள் அவர்கள்.

இனி நான் எப்போதும் அழுத்திச் சொல்லும் நாளுக்கு வருகிறேன்: 1930 மார்ச் 27. வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தாவைச் சம்பளத்தில் மூன்றரை சதவீதத்திலிருந்து நான்காக உயர்த்தலாமா என்பதுதான் சண்டை. முதலாளிகளின் பக்கம் நின்ற கட்சி மறுத்தது. கடைசியில் வந்த சமரசத்தைத் தொழிலாளர்களின் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சி ஏற்கவில்லை. நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு நடந்த கடைசி அரசு அந்த அரை சதவீதத்தில் கவிழ்ந்தது. அப்போது ஹிட்லருக்கு வெறும் 12 உறுப்பினர்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது.

அடுத்து பிரதமராக (சான்சலர்) வந்த ப்ரூனிங், நெருக்கடியில் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே ஆணையிட வழிவிட்ட அரசியலமைப்பின் 48ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு, குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் கையெழுத்தோடு அவசர ஆணைகளால் ஆண்டார். பசித்த நாட்டில் வரியை உயர்த்தினார், அரசு ஊழியர் சம்பளத்தை வெட்டினார், கூலியை 1927 ஜனவரி அளவுக்கு இறக்கினார். 1930இல் நாடாளுமன்றம் 98 சட்டங்களை இயற்றியது, 1932இல் ஐந்து. அதே ஆண்டில் அவசர ஆணைகள் 66. தன் உறுப்பினருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை என்று கண்ட வாக்காளன், அதை இழுத்து மூடுவேன் என்றவனுக்கு ஓட்டுப் போடத் தயங்கவில்லை. 1932 ஜூலையில் நாஜிகளுக்கு 230 இடங்கள், கம்யூனிஸ்டுகளுக்கு 89. மொத்த இடங்கள் 608. குடியரசையே வேண்டாம் என்ற இரு கட்சிகளுக்கும் சேர்த்துப் பெரும்பான்மை!

நாஜிகளை எதிர்த்து இடதுசாரிகளும் ஒன்று சேரவில்லை. கம்யூனிஸ்ட் தலைவர் தேல்மானுக்குச் சமூக ஜனநாயகர்கள் ‘சமூக பாசிஸ்டுகள்’, அவர்களே முதல் எதிரி. 1932 நவம்பரில் பெர்லின் போக்குவரத்து வேலைநிறுத்தத்தில் கம்யூனிஸ்டுகளும் நாஜிகளும் ஒரே பக்கம் நின்றார்கள்.

அதே மாதத் தேர்தலில் நாஜிகள் சுமார் இருபது லட்சம் ஓட்டுகளையும் 34 இடங்களையும் இழந்தார்கள். அலை இறங்கத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் முன்னாள் சான்சலர் பாப்பெனும் அவர் கூட்டாளிகளும் ஹிட்லரைத் தங்கள் பிடிக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, கிழவர் ஹிண்டன்பர்க்கின் மனத்தைக் கரைத்தார்கள். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லருக்குச் சான்சலர் பதவி கொடுக்கப்பட்டது. மார்ச் 23 அன்று, நாடாளுமன்றம் இல்லாமலே ஹிட்லர் அரசு சட்டமியற்ற வழிவிட்ட அதிகாரமளிக்கும் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டது சமூக ஜனநாயகர்களின் 94 பேர் மட்டும். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அதற்குள் சிறையில் இருந்தார்கள் அல்லது தலைமறைவாகியிருந்தார்கள்.

மகளைப் பார்க்க பெர்லின் போயிருந்தபோது நாடாளுமன்றமான ரெய்க்ஸ்டாக் கட்டடத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். நாஜிகள் கொன்ற 96 உறுப்பினர்களுக்காக அங்கே 96 இரும்புத் தகடுகளை நெருக்கமாக நட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் பெயர், கட்சி, இறந்த இடம். ஒருவரோடு ஒருவர் பேச மறுத்த இரு கட்சிக்காரர்களின் தகடுகளும் கலந்து நிற்கின்றன. தேல்மானும், சமூக ஜனநாயகர்களின் நாடாளுமன்றத் தலைவராக இருந்த ப்ரைட்ஷைடும் இறந்தது ஒரே மாதத்தில், ஒரே முகாமில்: 1944 ஆகஸ்ட், புக்கன்வால்ட்.